பகல் நாடகத்தில் ஓர் அமெரிக்கன்

என்ர மனிசன் குலசிங்கத்தாருக்குப் பகலில துறைமுக டொக்யாட்டில ஸ்டோர் வேலை. பின்னேரமானால் அவர் ராசா. கோயில் திருவிழா நாடகத்தில ராசபாட் எப்பவும் அவருக்குத்தான். வேற ஆரும் கேட்டால் ஆளுக்குக் காய்ச்சல் வந்திடும். குரல் நல்ல குரல், பொய் சொல்லக்கூடாது. ஆனால் வீட்டுக்குள்ளயும் அந்த எடுப்பை விடமாட்டார். நான் வெருகல் பக்கத்தாள், கதைக்கேக்க 'பிறகு' எண்டதுக்கு "மறுகா, மறுகா" எண்டு வரும். அதைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு பகிடி பண்ணுவார். "கமலேசு, நீர் மறுகாக்காரி, உமக்கு இராகம் எங்க விளங்கப்போகுது" எண்டுவார். மிசன் பள்ளிக்கூடப் போடிங்கில இருந்து படிச்சு இங்கிலீசு கதைக்கிறது நான். துரைமாருக்கு முன்னால "யெஸ் சேர், நோ சேர்" எண்டு காலத்தை ஓட்டுறது அவர். அதை நான் சொல்லிக் காட்டுறேல்ல. ஒவ்வொரு நாளும் சொல்லிக் காட்டுறேல்ல.

யப்பான்காரன் துறைமுகத்தில குண்டு போட்ட வருசம் திருவிழாவும் இல்ல, நாடகமும் இல்ல. சனம் கிடைச்சதைத் தூக்கிக்கொண்டு ஓடினது. நாங்களும் வெருகலில என்ர அப்பு வீட்டில போய்க் கிடந்திட்டு வந்தனாங்கள். நாற்பத்திநாலாம் ஆண்டுதான் திரும்ப நாடகம் போடக் கோயில்காரர் உத்தரவு வாங்கினவை. அதிலயும் ஒரு வில்லங்கம். இருட்டடிப்புச் சட்டம் இருந்ததால ஒரு விளக்கும் கொளுத்தேலாது, பொழுதுபட முன்னம் நாடகம் முடியவேணும். விடியவிடிய ஆடின நாடகத்தை மத்தியானச் சாப்பாட்டோட துவங்கவேண்டியதாப் போச்சு. பவுடர் பூசின ராசா வெய்யிலில வேர்த்து ஒழுகிறதை நினைச்சுப் பாருங்கோ. ஒத்திகையிலயே இவற்ற மீசை ரெண்டுதரம் கழண்டு விழுந்தது. நான் சிரிச்சதுக்கு அண்டைக்கு முழுக்க என்னோட கதைக்கேல்ல.

அந்த நாளையிலதான் லெஸ்ரர் எண்ட அமெரிக்கன் எங்கட வீட்டுக்கு வரத் துவங்கினவர். ஓர்ஸ் ஹில் பக்கம் அமெரிக்கன்மார் ஒரு பங்களாவை எடுத்து வைச்சிருந்தவை. அங்கயிருந்து ஆணி, கயிறு, தகரம் எண்டு சாமான் எடுக்க டொக்யாட்டுக்கு வாறவர் இவர். நாற்பது வயது மட்டில, ஒல்லி, நல்ல உயரம், தலைமயிர் ஒண்டும் கலையாது. என்ர மனிசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் நண்டுக்கறி வைச்சிருந்தனான். ஆளுக்கு உறைப்பில கண்ணும் மூக்கும் ஓடுது, ஆனால் கோப்பையை நீட்டி இன்னும் கேட்டார். அந்த ஒண்டுக்காகவே எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு.

நாடகக்காரற்ற ஆர்மோனியம் எங்கட வீட்டிலதான் இருக்கும். சாப்பிட்டு முடிய என்ர மனிசன் பாட்டை எடுத்தார், விருந்தாளிக்கு முன்னால விடுவாரோ? லெஸ்ரர் கதிரையில சும்மா இருந்தவர், கால் மட்டும் தாளம் போடுது. மறுகா எழும்பிப்போய் ஆர்மோனியத்தில விரலை வைச்சு இவற்ற சுருதியைச் சரியாப் பிடிச்சார். "சண்டைக்கு வர முன்னம் என்ன வேலை?" எண்டு இங்கிலீசில கேட்டன். "சப்பாத்துக் கடை" எண்டார். காலுக்குச் சப்பாத்து விக்கிறவன் சுருதி பிடிப்பானோ? அடுத்தடுத்த ஞாயிறுகளில கொஞ்சம் கொஞ்சமா உண்மை வெளியில வந்தது.

அவர் நாடகக்காரர். எங்கட நாடகம் மாதிரித்தான் அவையட நாடகமுமாம், கதைக்கு நடுவில பாட்டு, பாட்டுக்கு நடுவில ஆட்டம். ஆனால் ஒரே நாடகத்தை மாசக்கணக்கா, கிழமையில எட்டுத்தரம் போடுவினமாம். நான் அதைத் தமிழில சொல்ல, என்ர மனிசனுக்கு வாய் மூடேல்ல. "எட்டுத்தரமோ! அப்ப ராசபாட்காரனுக்கு வேற வேலையே இல்லையோ?" எண்டார். இல்லை எண்டு சொன்னதும், இப்பவே கப்பலேறுற ஆள் மாதிரி பெருமூச்சு விட்டார்.

லெஸ்ரற்ற தேப்பன் ரயில் பட்டறைத் தொழிலாளியாம். மகன் பாடப்போறன் எண்டதும் வீட்டுக் கதவைச் சாத்திப்போட்டாராம். பதினாறு வயதில ஊரூராத் திரியிற ஒரு நாடகக் கூட்டத்தோட போய், மேடை கூட்டி, சீன் இழுத்து, மறுகா நியூயோர்க்குக்கு வந்து, பின்னால நிண்டு ஆடிப்பாடுற கூட்டத்தில ஒராளா வருசக்கணக்கா நிண்டிருக்கிறார். ஒரு நாள் ராசபாட்காரனுக்கு நெருப்புக்காய்ச்சல். இவரை இழுத்து முன்னுக்கு விட்டிருக்கினம். சனம் எழும்பி நிண்டதாம். அதுக்குப் பிறகு கொட்டகை வாசலில அவற்ற பேரை மின்சார லைற்றில எழுதுற அளவுக்கு வந்திட்டார். கூட ஆடின ஒரு பிள்ளையைக் கலியாணமும் கட்டியிருக்கிறார். கடைசியாப் போட்ட நாடகம்தான் ஆளைக் கவிழ்த்தது. அதில ஒரு பாட்டு. பழக்கின மனிசன் அதைத் திருப்பித் திருப்பிப் பாடவைச்சு உயிரை எடுத்திருக்கிறான். முதல் நாள், கொட்டகை நிறைஞ்ச சனம், அந்தப் பாட்டுக்கு வாயைத் திறக்கக் குரல் வரேல்ல. பேப்பர்காரர் கிழிகிழியெண்டு கிழிச்சிட்டினம். நாடகம் ஒரு கிழமையில படுத்திட்டுது. மனிசியும் விட்டிட்டுப் போட்டாவாம். அதுக்குப் பிறகுதான் சப்பாத்துக் கடை.

அவற்ற கப்டனுக்கு இதெல்லாம் எப்பிடியோ தெரிஞ்சிருக்கு. கொழும்பிலயிருந்து இந்தியாவுக்குப் பட்டாளத்துக்கு நாடகம் காட்டப் போற ஒரு கூட்டத்தில பாட்டுக்காரன் ஒராள் குறையுது, போறியோ எண்டு கேட்டிருக்கிறார். லெஸ்ரர் மாட்டன் எண்டிட்டார். "நல்லா யோசி, திருவிழா முடிஞ்ச திங்கட்கிழமை கடைசியாச் சொல்லு" எண்டு கப்டன் விட்டிருக்கிறார்.

இதைக் கேட்ட என்ர மனிசன் சும்மா இருப்பாரோ? "எங்கட மேடையில சீன் மாத்திற நேரம் சனம் சளசளக்கும். அப்ப ஒரு பாட்டுப் பாடச் சொல்லும்" எண்டு என்னைக் கேக்க வைச்சார். லெஸ்ரர் தலையை ஆட்டி மாட்டன் எண்டார். கொஞ்ச நேரத்தால, "அங்க என்னை ஆருக்கும் தெரியாதுதானே?" எண்டு கேட்டார்.

"முருகனுக்குக்கூடத் தெரியாது" எண்டன்.

சிரிச்சார். "அப்ப அந்தப் பாட்டைத்தான் பாடப்போறன். குரல் வந்தால் கப்டனிட்ட ஓம் எண்டு சொல்லுவன். வராட்டி, சண்டை முடியச் சப்பாத்துக் கடைக்கே திரும்பிப் போறன். இனிப் பாட்டெண்டு வாய் திறக்கன்" எண்டார். பகிடியாச் சொன்ன மாதிரி இருந்தது, ஆனால் முகத்தில பகிடி இல்ல.

சனிக்கிழமை முதல் நாள் நாடகம். கோயில் வீதி மணலில சனம் நிரம்பி வழியுது. ஆம்பிளையள் ஒரு பக்கம், நாங்கள் பொம்பிளையள் மற்றப் பக்கம் குடையும் பனையோலை விசிறியுமா இருந்தம். எனக்குப் பக்கத்தில அயல் வீட்டுப் புஸ்பராணி. ராசா வேட்டைக்குப் போனார், சீன் திரை விழுந்தது, லெஸ்ரர் முன்னுக்கு வந்து நிண்டார். வெள்ளைக்காரனைக் கண்டதும் சனம் கப்சிப். பாடத் துவங்கினார்.

குரல் வந்தது பாருங்கோ! கடைசி ட்ராமைத் தவறவிட்ட ஒருத்தன் வீட்டுக்கு நடந்து போறான், வழியில ஒவ்வொரு லைற்றுக் கம்பத்துக்கும் தான் விரும்பின ஒரு பெட்டைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்லிக்கொண்டு போறான். அதுதான் பாட்டு. சொல்லு விளங்கினது எனக்கு மட்டும்தான், ஆனால் புஸ்பராணி சீலைத் தலைப்பால கண்ணைத் துடைக்கிறாள். பாட்டு முடிய, முன் வரிசையில இருந்த ஸெய்னுதீன் துள்ளி எழும்பினார். அவர் என்ர மனிசனோட ஸ்டோரில வேலை செய்யிறவர், தோப்பூர்க்காரர், நாடகப் பைத்தியம். தொண்டை கிழியக் கத்தினார்: "வன்ஸ்மோர்!"

சனம் முழுக்கப் பிடிச்சுக்கொண்டுது. "வன்ஸ்மோர்! வன்ஸ்மோர்!" எங்கட நாடகச் சனத்துக்கு இந்தச் சொல்லை விட்டால் வேற இல்ல. இந்தியாவிலயிருந்து வந்த நாடகக்காரரோட வந்ததெண்டுவினம். நல்லாப் பாடினவருக்கு நாங்கள் குடுக்கிற மாலை, பதக்கம் எல்லாம் அதுதான்.

லெஸ்ரற்ற முகம் வெளுத்திட்டுது. திரும்பப் பாடினார், ஆனால் இழுத்து மெதுவா. "வன்ஸ்மோர்!" மறுகாவும் பாடினார், இந்தமுறை சுருதியை உயத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. சனத்துக்கு வெறி பிடிச்சிட்டுது, இன்னும் கேக்குது. அவர் நெஞ்சில கையை வைச்சு "சொறி" எண்டு சொல்லிப்போட்டு, மேடைக்குப் பின்னால இறங்கிப் போயிட்டார். நான் எழும்பிப் போய்ப் பாக்க ஆளில்ல. என்ர மனிசன் கிரீடத்தோட நிண்டுகொண்டு, "எனக்கு ஒரு நாளும் இத்தினதரம் கேக்கேல்ல" எண்டு மூக்கால அழுறார்.

அடுத்தநாள் காலமை ஸெய்னுதீன் ஓடி வந்தார். "தங்கச்சி, அந்த அமெரிக்கனை வழியில கண்டன், அரைகுறையாத்தான் அவன்ர இங்கிலீசு விளங்கினது. உங்கட சனத்திட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு, இத்தினதரம் கேட்டும் என்னாலை சரியாப் பாட ஏலாமப் போச்சு எண்டு சொல்லிப்போட்டுப் போறான். இனிப் பாடவும் மாட்டானாம். என்ன கதை இது?"

எனக்கு உச்சியில அடிச்ச மாதிரி விளங்கினது. "அட பாவி மக்காள்! அந்தச் சொல்லு இங்கிலீசெல்லோ! 'திரும்ப ஒருக்கா' எண்டு அர்த்தம். பிழை விட்டுட்டாய், திரும்பப் பாடு எண்டு நாங்கள் கேட்டதா நினைச்சிட்டார்" எண்டன்.

"அல்லாவே! நான் அது தமிழெண்டெல்லோ நினைச்சிருந்தன்" எண்டு ஸெய்னுதீன் தலையில கையை வைச்சார். என்ர மனிசன் அவரைவிட மோசம். பேயறைஞ்ச மாதிரி நிண்டார். "அப்ப இவ்வளவு காலமும் எனக்கும் அதையோ சொன்னவை?" எண்டு கேட்டார். அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு நேரமில்ல. புஸ்பராணியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஓர்ஸ் ஹில்லுக்கு நடந்தன். குடும்பப் பொம்பிளை பட்டாளத்து வாசலில போய் நிக்கிறதெண்டால் ஊர் என்ன கதைக்கும்? கதைக்கட்டும் எண்டு போனன்.

லெஸ்ரர் வாசலுக்கு வந்தார். நித்திரை கொள்ளாத முகம். "மிஸிஸ் குலசிங்கம், உங்கட ஆக்கள் நல்ல ஆக்கள். பிழை எண்டு தெரிஞ்சும் பொறுமையா எத்தினதரம் சந்தர்ப்பம் தந்தினம்" எண்டார். மறுகா சொன்னார், அந்தக் கடைசி நாடகத்தைப் பழக்கின மனிசன் இருட்டுக்குள்ள பின் கதிரையில இருப்பானாம். முகம் தெரியாது. இவர் பாடி முடிய இருட்டுக்குள்ளயிருந்து 'வன்ஸ்மோர்' எண்ட அந்தச் சொல்லு மட்டும் வருமாம். என்ன பிழை எண்டு சொல்லமாட்டானாம். இவர் மெதுவாப் பாடிப் பாப்பாராம், உயத்திப் பாடிப் பாப்பாராம், பிறகும் அதே சொல்லு. முதல் நாள் மேடையில வாயைத் திறக்கேக்க காதுக்க அதுதான் கேட்டதாம்.

எனக்குக் கோவம் பத்திக்கொண்டு வந்தது. அவரில இல்ல, அந்த முகம் தெரியாதவனில. ஆனால் முன்னால நிண்டது இவர்தானே.

"உங்களுக்கு விசரோ?" எண்டன். "சுடுமணலில, கூப்பன் அரிசிக் கஞ்சியைக் குடிச்சிட்டு வந்து குந்தியிருக்கிற சனம், பிழையாப் பாடுறவனைத் திரும்பப் பாடு எண்டு ஏன் கேக்கப்போகுது? பிழையாப் பாடினால் இஞ்ச 'இறங்கடா' எண்டு கத்தித் தேங்காய்ப் பொச்சுமட்டையாலதான் எறிவினம். ஆரும் இருந்து திருத்தமாட்டினம். நீங்கள் என்ர வீட்டில நண்டுக்கறியைத் திரும்பக் கேட்டனீங்கள். நான் முதல் வைச்சது பிழை எண்டோ கேட்டனீங்கள்?"

மறுகா சிரிப்பு வந்திட்டுது அவருக்கு. சிரிச்சுச் சிரிச்சு வாசல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டார். "அப்ப நான் பாடினதில எது சரி?" எண்டு கேட்டார்.

"முதல் பாடினது. மற்றதெல்லாம் நீங்கள் பயந்து பாடினது" எண்டன். இராகம் விளங்காத மறுகாக்காரி சொன்னது அது.

"நீங்கள் நல்ல மனிசி. என்னைத் தேற்றச் சொல்லுறீங்களோ, உண்மையோ தெரியேல்ல" எண்டார். "இண்டைக்கும் வந்து பாடுறன். பாடி முடிய அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டினமெண்டால், நாளைக்குக் காலமை கப்டனிட்ட ஓம் எண்டுவன். கூப்பிடாட்டி, நீங்கள் இரக்கத்தில சொன்னதா நினைச்சுக்கொண்டு பேசாமல் இருந்திடுவன்."

"அதுக்கென்ன, கூரை பறக்கக் கூப்பிடுவினம், வாங்கோ" எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லிப்போட்டு வந்தன்.

வெய்யிலில நடந்து வந்து சேர நாடகம் துவங்கிட்டுது. நான் நேராப் போய்ப் பொம்பிளையளோட இருந்திட்டன். சீன் விழுந்தது, லெஸ்ரர் வந்தார். என்ர பக்கம் பாத்து லேசாத் தலையை ஆட்டினார். நேற்றையவிட வடிவாப் பாடினார். அவசரமில்ல, பயமில்ல, எங்களுக்குப் பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிப் பாடினார். பாட்டு முடிஞ்சது.

ஒரு சத்தமில்ல.

அவர் நிக்கிறார். சனம் அப்பிடியே இருக்குது. ஒரு குழந்தை சிணுங்கினதுக்குக்கூட ஆரோ "உஸ்" எண்டினம். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. ஸெய்னுதீனைப் பாத்தன். மனிசன் ரெண்டு கையாலயும் தன்ர வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார், கண் ரெண்டும் பிதுங்குது. மேடை ஓரத்தில பாத்தால் என்ர ராசா, 'பாத்தீரோ என்ர கெட்டித்தனத்தை' எண்ட மாதிரி எனக்குச் சிரிச்சுக் காட்டுறார். அப்பதான் விளங்கினது. நான் ஓர்ஸ் ஹில்லுக்குப் போன நேரம் இவை ரெண்டுபேரும் சனம் விரிச்சிருந்த ஒவ்வொரு பாயாப் போய்ச் சொல்லி வைச்சிருக்கினம்: அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ, அமெரிக்கனுக்கு மனம் நோகுது, முடிஞ்சதும் மரியாதையா வாயை மூடிக்கொண்டு இருங்கோ எண்டு.

ஐயோ, இப்பிடியும் ஒரு புத்தியோ! லெஸ்ரற்ற தோள் மெல்ல இறங்கினது. சனத்துக்குக் குனிஞ்சு ஒரு கும்பிடு மாதிரிப் போட்டார். திரும்பினார்.

எங்கட ஊரில பொம்பிளையள் நாடகக் களரியில வாய் திறக்கிறேல்ல. பபூனுக்குச் சிரிக்கிறதெண்டாலும் சீலைத் தலைப்புக்குள்ளதான். நான் எழும்பி நிண்டன்.

"வன்ஸ்மோர்!" எண்டு கத்தினன்.

குரல் கிறீச்செண்டு உடைஞ்சு வந்தது. கோயில் வீதி முழுக்கத் திரும்பிப் பாக்குது. புஸ்பராணி, "அக்கா, இருங்கோ அக்கா, மானம் போகுது" எண்டு என்ர சீலையைப் பிடிச்சு இழுக்கிறாள். என்ர மனிசன் வாளை ஆட்டி ஆட்டி வேண்டாம் வேண்டாம் எண்டு சைகை காட்டுறார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் பேசாமல் நில்லுங்கோ!" எண்டு ராசாவைப் பாத்து, அத்தின சனத்துக்கு முன்னால, கத்தினன். "வன்ஸ்மோர்!"

சனம் கொல்லெண்டு சிரிச்சது. ஸெய்னுதீன் வாயிலயிருந்து கையை எடுத்தார், அவ்வளவுதான், அடைச்சு வைச்சிருந்ததெல்லாம் ஒண்டாத் திறந்துகொண்டுது. பொம்பிளையளும் கத்துறாளவை. சீலையைப் பிடிச்சு இழுத்த புஸ்பராணியும் கத்துறாள்.

லெஸ்ரர் படியில ஒரு காலை வைச்சவர் அப்பிடியே நிண்டார். திரும்பி முன்னுக்கு வந்து, கையைக் கண்ணுக்கு மேல வைச்சு வெய்யிலை மறைச்சுக்கொண்டு, சனத்தை ஒருதரம் சுத்திப் பாத்தார். இருட்டே இல்ல, எல்லாற்ற முகமும் தெரியுது. ஆர்மோனியக்காரருக்குத் தலையை ஆட்டினார்.

இழுக்கேல்ல, உயத்தேல்ல. ஒரு இடத்தையும் திருத்தாமல், முதல் பாடின மாதிரியே பாடினார். நான் திரும்ப இருக்கவேணும் எண்டதையே மறந்துபோய், எல்லாரும் பாக்க, நிண்டுகொண்டு அழுதன்.